வறுமை என்பது யாது?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நாளில் வறுமையைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். வறுமை இன்னதென்று நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் எல்லாச் சமுதாயங்களிலும் அது ஒரே பொருளுடையதன்று. பிற நாடுகளில் ஏழை என்னும் சொல் எதனைக் குறித்தது, நம் நாட்டில் எதனைக் குறித்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் எதனை எதிர்த்து நிற்க வேண்டும் என்பது விளங்கும்.

திருக்குறளில் நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பொருளின்மை, அதனால் பிறர்முன் கையேந்துதல், அவ்வாறு ஏந்துவதற்கு அஞ்சுதல் என்பது அவ்வரிசை. வறுமை வயிற்றோடு நில்லாது மானத்தையும் தாக்கும் என்பது அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது.

இதே உண்மையை மேனாட்டறிஞர் ஆடம் ஸ்மித், 1776-ஆம் ஆண்டில் வெளியான 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் வேறு வகையில் காட்டினார். தோல் காலணி இல்லாமல் வெளியே வருவது இங்கிலாந்தில் ஏழை ஆணுக்கும் பெண்ணுக்கும் இழிவு. ஸ்காட்லாந்தில் ஆணுக்கு மட்டுமே இழிவு. பிரான்சில் இருவருக்குமே இழிவன்று என்றார் அவர். ஒருவன் நாணமின்றிப் பிறர்முன் நிற்பதற்கு எது தேவையென்று அச்சமுதாயம் கருதுகின்றதோ, அஃது இல்லாதவனே அங்கு ஏழை.

இதனை நம் ஊர்த் தெருவில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் காலணி இல்லாமை இழிவாக இருந்தது. இங்கோ, நம்மவர் காலணி அணிவது குற்றமாக இருந்தது. செருப்பைத் தைத்துக் கொடுத்தவனே அதனைக் கழற்றிக் கையில் ஏந்தித்தான் அத்தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்க முடிந்தாலும் அணிய முடியாத நிலைக்கு ஆடம் ஸ்மித்தின் கணக்கில் இடமில்லை.

இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ரவுண்ட்ரீ என்பவர் வீடு வீடாக ஆராய்ந்து, நகர மக்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் வறுமையில் உழல்வதாக 1901-இல் எழுதினார். உடலை உழைப்பிற்குத் தகுதியாக வைத்திருக்கத் தேவையானதை மட்டுமே அவர் அன்று அடிப்படை அளவுகோலாகக் கொண்டார். அவரே 1936-இல் அந்நகரத்தை மீண்டும் ஆராய்ந்தபோது, செய்தித்தாளையும் வானொலியையும் ஏழைக் குடும்பத்தின் தேவைகளில் சேர்த்தார். தொழிலாளர் தலைநிமிர்ந்த காலத்தில் அளவுகோலும் உயர்ந்தது. நம் நாட்டிலோ, 1979-இல் திட்டக்குழுவின் வல்லுநர்கள், நாளொன்றுக்குக் கிராமத்தில் 2400 கலோரியும் நகரத்தில் 2100 கலோரியும் தரும் உணவைக் கொண்டு வறுமைக்கோட்டை வகுத்தனர். பின்னாளில் அம்முறை மாறியது. ஆயினும் ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க முடியாமையை எந்தக் கலோரிக் கணக்கு காட்டும்?

செல்வம் மிக்க நாட்டிலும் இத்தகைய வறுமை உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியைப் பற்றி 1990-இல் ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. அங்குள்ள கறுப்பின ஆண்கள் 65 வயதை எட்டும் வாய்ப்பு, வங்கதேசத்து ஆண்களுக்கு உள்ள வாய்ப்பினும் குறைவு என்று அது கண்டது. வருமானத்தைக் கொண்டு பார்த்தால் அன்றைய ஹார்லெம்வாசி வங்கதேசத்து உழவரைவிடப் பன்மடங்கு மேலானவராக இருந்தார். ஆயுளைக் கொண்டு பார்த்தால் கீழானவராக இருந்தார். ஒதுக்கப்பட்ட மக்களுக்குப் பணம் மட்டும் அரணாகாது என்பதற்கு இது சான்று.

நம் வரலாற்றிலும் சான்று உண்டு. அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் உயர்பணி ஏற்றார். கல்வி இருந்தது, பதவி இருந்தது, ஊதியம் இருந்தது. தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தம் சாதியை மறைத்துத் தங்கினார். அது வெளிப்பட்டதும் தடியேந்தி வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். அந்நகரில் அவரினும் குறைந்த ஊதியம் பெற்ற எத்தனையோ பேர் அன்றிரவு தத்தம் வீட்டில் உறங்கியிருப்பர்.

தோழர்களே, வேறு சமுதாயங்களில் ஏழைத் தொழிலாளி கூலியை உயர்த்திக் கேட்டால் வேலையை இழப்பான். கீழ்வெண்மணியில் அவ்வாறு கேட்ட மக்கள் எதனை இழந்தனர்? கூலி உயர்வுக்காகவும் சங்க உரிமைக்காகவும் நின்ற உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 இரவில் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நம் வறுமை தானே நேர்ந்த இல்லாமையன்று. கேட்கும் வாயை அடைத்துக் காக்கப்பட்டு வந்த இல்லாமை அது.

ஆகவே இளைஞர்களே, உங்களுக்கு இரண்டு கடமைகள் உண்டு. முதலாவது, பொருளின்மையைப் போக்குவது. படியுங்கள்; பணி பெறுங்கள்; தங்கையரையும் இடையில் நிறுத்தாமல் படிக்க வையுங்கள். இதற்கு இச்சங்கம் துணை நிற்கும். இரண்டாவது, இதனினும் கடினமானது. மாத ஊதியம் வந்ததும், நகரத்தில் சாதியைச் சொல்லாமல் வாழ்ந்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். அவர்களை நான் இகழமாட்டேன். வாடகை வீடு தேடி அலைந்த துயரத்தை அறிவேன். ஆனால், மறைத்து வாழ வேண்டிய வாழ்வும் ஒரு வறுமையே. உங்கள் சேரியில் கூலிக் கணக்கைப் படித்துச் சொல்லவும், நில ஆவணத்தைத் தேடி எடுக்கவும், அலுவலகத்தில் மனுவை நின்று பேசி முடிக்கவும் ஆள் தேவைப்படுகின்றது. விடுமுறையில் ஊருக்கு வரும்போது அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

எத்தனை பட்டதாரிகளை உருவாக்கினோம் என்று இம்மலரில் கணக்குக் காட்டுகின்றோம், அது பெருமைக்குரியது. அடுத்த 25 ஆண்டுகளுக்குப் பின் வெளிவரும் மலர், நம் தெருவில் எத்தனை பேர் அச்சமின்றித் தம் உரிமையைக் கேட்டுப் பெற்றனர் என்னும் கணக்கையும் காட்டட்டும்.