நடுவரை யார் போட்டது?

பரமக்குடியில ஒருத்தர் லோன் போட்டு லோடு ஆட்டோ எடுக்கிறார், நாலு டியூ நின்னுபோச்சுன்னு வைங்க. கொஞ்ச நாள்ல சென்னையிலிருந்து ரெஜிஸ்டர் தபால் வருது: ‘உங்கள் கடன் பிரச்சினைக்கு நான் நடுவராக நியமிக்கப்பட்டிருக்கிறேன், ஆஜராகவும்.’ கோர்ட் முத்திரை கிடையாது. சும்மா மிரட்டுறாங்கன்னு கவரை டிவி மேல வெச்சிடுவாங்க.

அது சும்மா இல்லை. லோன் எடுத்தப்ப புரட்டிப் புரட்டிக் கையெழுத்து போட்டோமே, அந்தப் பக்கங்கள்ல ஒண்ணுல ‘தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பார்’னு இருக்கும். அவர் தர்ற தீர்ப்புக்கு, சட்டத்தோட 36ஆம் பிரிவுப்படி, கோர்ட் டிகிரிக்கு உள்ள அதே பலம். சொத்து எங்க இருக்கோ அந்த ஊர் கோர்ட்லயே நேரா நிறைவேற்று மனு போடலாம்னு 2018ல சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதாவது சென்னைத் தீர்ப்பு ராமநாதபுரத்துக்கே வரும்.

இப்ப கேள்வி, அந்த நடுவரை யார் போட்டது? பெரும்பாலும் அக்ரிமென்ட்லயே ‘கம்பெனி நியமிக்கும்’னு இருக்கும். நம்ம பாஷைல சொன்னா, நான் எழுதின கோடுக்கு ரிவ்யூவரையும் நானே பிடிச்சு, நானே மெர்ஜ் பண்றது. எந்த டீம் லீடும் விடமாட்டார். (சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடுவார்.)

2015 திருத்தத்துல 12(5) பிரிவு வந்தது: ஒரு தரப்போட நெருங்கின தொடர்புள்ளவர் நடுவரா இருக்கக் கூடாது. 2019ல பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்குல உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போச்சு. வழக்கோட முடிவுல லாப நஷ்டம் உள்ளவர், தனி நடுவரைத் தானா நியமிக்கவும் முடியாது.

கடன்காரருக்கு இதுல என்ன? தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனு போட 3 மாசம், தக்க காரணம் இருந்தா இன்னும் 30 நாள், அவ்வளவுதான். கவரைப் பிரிக்காத வீட்ல அமீனா வந்து நிக்கும்போது அந்தக் கெடு எப்பவோ முடிஞ்சிருக்கும். இங்கதான் 2023 மார்ச்ல கல்கத்தா உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு முக்கியம். சோழமண்டலம் ஃபைனான்ஸ் போட்ட நிறைவேற்று மனுவுல நீதிபதி சேகர் சராஃப் சொன்னது: ஒருதலையா போட்ட நடுவர் தந்தது சட்டத்தின் கண்ணுல தீர்ப்பே இல்லை, அதை நிறைவேற்ற முடியாது. ரெண்டே மாசத்துல கோடக் மஹிந்திரா பேங்க் வழக்குல டெல்லி உயர் நீதிமன்றமும் அதே வழியில போச்சு.

கடன் தள்ளுபடி ஆயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. கடன் அப்படியேதான் இருக்கு, கம்பெனி முறையா ஒரு நடுவரை வெச்சு மறுபடி வரலாம்.

இன்னொண்ணு, 12(5)லயே ஒரு விதிவிலக்கு இருக்கு. தகராறு வந்த பிறகு ரெண்டு தரப்பும் எழுத்துல ஒத்துக்கிட்டா அதே நடுவர் செல்லும். நீங்க சும்மா இருந்ததை அவங்க சம்மதம்னு காட்ட முடியாது, எழுத்துல இருக்கணும். ஆனா வசூலுக்கு வர்ற தம்பி ‘அண்ணே, செட்டில்மென்ட்டுக்குத்தான், இதுல ஒரு கையெழுத்து’ன்னு பேப்பரை நீட்டினா, முழுசா படிங்க. ‘நடுவர்’ங்கற வார்த்தை இருந்தா, வக்கீல் பாக்காம பேனாவை எடுக்காதீங்க.