பழைய கொப்பிகளும் வாழைத்தடலும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கண்காட்சியில், கடதாசி செய்யும் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



உங்கள் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலை ஒருமுறை தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கும், ஓரமும் நேராக இராது. அச்சகத்தாரைக் குறை சொல்லவேண்டாம். அது நாங்கள் செய்த கடதாசி. பாதி, இங்குள்ள பிள்ளைகள் எழுதி முடித்த கொப்பிகள். மீதி, நீர்வேலியில் குலை வெட்டியபின் தறித்துப்போட்ட வாழை.

2022 மார்ச்சில், கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைப் பிற்போட்டது நினைவிருக்கும். அந்த நேரம் எங்கள் களஞ்சிய அறையில் பழைய கொப்பிகளும் விடைத்தாள்களும் எரிப்பதற்கென்று கூரைவரை கிடந்தன. வாழைச்சேனை ஆலையில் வைக்கோலிலிருந்து கடதாசி செய்ததைப் பாடமாகப் படித்தவர்கள் நாங்கள். செய்து பார்த்தால் என்ன என்று இறங்கிவிட்டோம்.

கொப்பி வேலை சுலபம். கம்பியைக் கழற்றி, தாளைக் கிழித்து, ஓரிரவு ஊறவைத்து அரைத்தால் கூழ். ஆனால் ஒவ்வொரு தடவை கூழாக்கும்போதும் தாளின் நார் குறுகிப்போகும். பழைய தாளில் மட்டும் செய்தால் பிடித்தவுடன் கிழியும். அதற்குத்தான் நீண்ட நாருள்ள வாழைத்தடல். அதை விரலளவு நறுக்கி, சலவைச் சோடா போட்டு மூன்று நான்கு மணித்தியாலம் அவித்து, வழுவழுப்புப் போகுமட்டும் கழுவி, உரலில் இடிக்கவேண்டும். அலுமினியப் பானை கூடாது, சோடா அரித்துவிடும். எங்கள் குழுவில் ஒருவருடைய மாமியாரின் பானை அப்படித்தான் போனது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இரண்டு கூழையும் தொட்டித் தண்ணீரில் கலக்கி, நுளம்பு வலை அடித்த மரச்சட்டத்தைச் சரித்து இறக்கி, மட்டமாகத் தூக்கவேண்டும். தண்ணீர் வடியுமுன் ஒரு மெல்லிய குலுக்கு. அந்தக் குலுக்கில்தான் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பசை எதுவும் சேர்ப்பதில்லை. காயும்போது தாமாகவே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஈரச் சாறித்துணியில் கவிழ்த்து, பலகை வைத்து, கல் ஏற்றி, நிழலில் காயவிடுவோம்.

முதல் தாளில் பேனை வைத்தோம். மை ஊறி, 'அ' எழுதினால் மயிர்க்கொட்டி போல வந்தது. கஞ்சி பூசியபின் எழுத்து நின்றது. மாரியில் அந்தக் கஞ்சியிலே பூஞ்சணம் பிடித்தது. இப்போது மாரியில் செய்வதில்லை.

பணம் அனுப்பட்டுமா, பாடசாலைக்கு வேண்டிய கொப்பி முழுவதையும் இப்படியே செய்யலாமே என்று வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்கள். முடியாது, அக்காமாரே. நாலு பேர் ஒரு பின்னேரம் முழுக்க நின்றால் நாற்பது தாள் வரும். அது ஒரேயொரு எண்பது பக்கக் கொப்பி. வாழ்த்து மடலுக்கும் சான்றிதழுக்கும் இது போதும். படிக்கிற பிள்ளைக்குக் கடைக் கொப்பிதான் வேண்டும்.

இன்னொன்று சொல்லவேண்டும். கிழித்துக்கொண்டிருந்தபோது ஒரு கட்டு அகப்பட்டது. பொருளாதாரத் தடைக் காலத்துத் தமிழ்க் கட்டுரைகள். பத்திரிகையே கோடு போட்ட கொப்பித்தாளில் வந்த காலமல்லவா? பாவித்த படிவங்களின் பின்பக்கத்தில், ஓரம் விடாமல், எறும்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள். சிலதில் பென்சில் எழுத்தை அழித்து அதன்மேல் பேனையால் எழுதியிருந்தது. "இதுவும் ஊறப்போடுகிற தாள்தானே?" என்று எங்களில் இளையவர்கள் கேட்டார்கள். மூத்தவர்கள் பதில் சொல்லாமல் கட்டை எடுத்து மேசைக்கடியில் வைத்துவிட்டார்கள். அன்று பின்னேரம் ஒரு தாளும் கிழிபடவில்லை.

அந்தக் கட்டு இப்போது இடப்பக்க மேசையில் இருக்கிறது. பலவற்றில் பெயரில்லை, சுட்டெண் மட்டும்தான். அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் வந்து உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வரமுடியாதவர்களுக்குப் படமெடுத்து அனுப்புவோம். எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்று சங்கத்துக்கு எழுதுங்கள். தொட்டியில் கை வைத்துப் பார்த்தவர்கள் மட்டும் தயவுசெய்து கையைத் துடைத்துவிட்டு அந்த மேசைக்கு வாருங்கள்.