நிரல் கற்றலும் நம் பிள்ளைகளின் நாளையும்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுப் பேருரை



பண்டிதர் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு கணினி நிரல் எழுதக் கற்பதைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். இலக்கிய மேடையில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பண்டிதரின் வாழ்க்கையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. ஓராண்டு கழித்து அது 'தமிழன்' ஆனது. நம்மைப் பற்றி மற்றவர்களே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது அச்சு என்ற கருவியை நம் முன்னோர் தம் கையில் எடுத்தார்கள். சிந்தனை இருந்தால் மட்டும் போதாது, அதை அச்சேற்றி ஊர் ஊராக அனுப்பும் தொழிலும் நம்மிடம் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த இதழைத் தாங்கியவர்கள் யார்? அவர்களில் முக்கியமானவர்கள் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள். வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து பண்ணை வேலையை விட்டுப் போன நம் மக்கள் அங்கே பூமிக்கடியில் இறங்கினார்கள். உயிருக்கு உத்தரவாதம் இல்லாத வேலை. ஆனாலும் கூலி காசாகக் கைக்கு வந்தது. அதற்காக எந்தப் பண்ணையார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. அந்தக் காசு பள்ளிக்கூடமானது, பௌத்த சங்கமானது, சந்தாவானது. பண்டிதர் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளை நூல்களாகக் கொண்டுவந்ததும் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலைதான். ஊர்க் கட்டுமானத்துக்கு வெளியே கிடைத்த ஒரு தொழில் ஒரு தலைமுறையின் முதுகை நிமிர்த்தியது. இன்று நம் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட தொழில்களில் ஒன்று நிரல் எழுதுவது. அதனால்தான் இந்தப் பேச்சு.

நிரல் என்றால் என்ன? செய்ய வேண்டிய வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கணினிக்குப் புரியும் ஒழுங்கில் எழுதித் தருவது. நூறு நாள் வேலைக்குப் போகும் நாற்பது பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் பெயர், வேலை செய்த நாள்கள், ஒரு நாள் கூலி, வங்கிக் கணக்கில் ஏறிய தொகை, இவ்வளவுதான் தரவு. நாள்களைக் கூலியால் பெருக்கு, ஏறிய தொகையோடு ஒப்பிடு, குறைந்திருந்தால் பெயரையும் குறைந்த தொகையையும் அச்சிடு, அடுத்தவருக்குப் போ. பத்து வரிக்குள் எழுதிவிடலாம். பாடநூல் மொழியில் சொன்னால் இதில் மாறி இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, மடக்கு இருக்கிறது. நாற்பது பேருக்கு எழுதியதே நாலாயிரம் பேருக்கும் ஓடும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு நம் கையில் இருந்தால், அலுவலகத்தில் போய்க் கேட்கும் குரலும் மாறும்.

இது பிறவி மூளைக்காரர்களின் வித்தை என்று ஒரு பேச்சு உண்டு. சிலருக்குக் கணக்கு இரத்தத்தில் ஊறியது என்பார்கள். அதை நாம் ஏற்க வேண்டியதில்லை. சாதி என்பது வேலைப் பிரிவினையோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரித்துவைப்பது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். பெற்றோரின் நிலையைப் பார்த்துப் பிள்ளையின் தொழிலை முன்கூட்டியே முடிவுசெய்யும் ஏற்பாட்டை அவர் அங்கே உடைத்துக் காட்டினார். நிரல் எழுதுவது தையல் போல, தச்சு போலப் பழகப் பழக வரும் கைத்தொழில். முதல் தடவை எழுதினால் பிழை வரும். எந்த வரியில் நின்றது என்று கணினி சொல்லும். திருத்தி மறுபடி ஓட்ட வேண்டும். பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கும் அன்றாடம் இதுதான் வேலை.

ஆங்கிலம் தெரியாதே என்ற அச்சம் அடுத்தது. பைத்தான் மொழியில் கற்க வேண்டிய சிறப்புச் சொற்கள் ஏறத்தாழ 35தான். தமிழ்நாட்டு அரசுப் பாடநூலில் கணினி அறிவியல் எடுக்கும் பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும், பன்னிரண்டில் பைத்தானையும் தமிழிலேயே படிக்கலாம். தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியும் இருக்கிறது. வேலைக்குப் போக ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் வரும்வரை நிரலைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. இரண்டும் கூடவே வளரும்.

தோழர்களே, இனி கசப்பான பகுதிக்கு வருவோம். நிரல் கற்றால் சாதி ஒழிந்துவிடும் என்று உங்களிடம் சொல்ல மாட்டோம். தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு இல்லை. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வை 2007இல் வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு அது. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, மேல்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. 2009இல் வெளியான இன்னொரு ஆய்வு டெல்லிப் பகுதியில் நடந்தது. அதில் மென்பொருள் வேலைகளுக்கான விண்ணப்பங்களில் சாதி அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். செய்து காட்டக்கூடிய திறன் எங்கே முதலில் பார்க்கப்படுகிறதோ, அங்கே முதல் கதவு சற்று அகலமாகத் திறக்கலாம். நாம் நுழைய வேண்டியது அந்த இடைவெளியில்தான்.

கதவுக்குள் போன பிறகு? நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பது பல நிறுவனங்களில் வழக்கம் என்று ஜோத்காவும் நியூமனும் எழுதியிருக்கிறார்கள். அப்பா என்ன வேலை, எந்த ஊர் என்ற கேள்விகளுக்கு நிரலில் விடை இல்லை. கடல் தாண்டியும் இது தொடர்கிறது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் தடுத்து நிறுத்திவிட்டார். கணினித் தொழில் செழித்த இடங்களிலேயே இந்தச் சட்டம் தேவைப்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆகவே தொழிலைக் கற்போம். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கும் போராட்டத்தையும் விடாமல் நடத்துவோம். ஒன்றைக் காட்டி மற்றதை விடச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

தங்கவயலிடமிருந்து இன்னொரு பாடமும் உண்டு. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று நான்கு தலைமுறை நம்பியிருந்த வேலை நின்றது. இன்று அந்த ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சுரங்கக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகளுக்கு மாறிக்கொள்ள ஒரு வழி இருந்தது. சுரங்கத்தை மட்டுமே நம்பியிருந்த வீடுகள் நொறுங்கின. நிரல் தொழிலுக்கும் அப்படி ஒரு காலம் வரலாம். செயற்கை நுண்ணறிவு இப்போதே நிரல் எழுதித் தருகிறது. புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுத்துவந்த எளிய வேலைகளை அது பிடித்துக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் ஒரு மொழியின் சொற்களை மனப்பாடம் செய்து நிறுத்திவிடாதீர்கள். சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது, விடை சரியா என்று சோதிப்பது, தரவைப் படிப்பது, இவற்றில் ஊன்றி நில்லுங்கள். கருவி எழுதித் தந்ததில் தவறு எங்கே என்று சொல்லத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதப் பயிற்சி, நூறு சதவீத வேலை என்று விளம்பரம் பார்த்து நகையை அடகு வைக்காதீர்கள். பைத்தான் இலவசம். அதைக் கற்பிக்கும் காணொளிகள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐ.டி.ஐ.யில் ஓராண்டுக் கணினிப் பிரிவு இருக்கிறது. தாட்கோ பயிற்சிகளை விசாரியுங்கள். பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை உண்டு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பெண் பிள்ளை இரவில் கணினி முன் உட்கார்ந்தால் தடுக்காதீர்கள். அடுப்படி வேலையை வீட்டில் உள்ள ஆண்களும் பகிர்ந்துகொள்ளட்டும்.

ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருக்கும் நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய மடிக்கணினி ஒன்றைச் சேரி நூலகத்துக்குக் கொடுங்கள். மாதம் இரண்டு ஞாயிறு வந்து உட்காருங்கள். ஒரு பிள்ளையின் நிரலைப் படித்துப் பிழையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுங்கள்; நேர்காணலுக்கு முன் ஒரு மணி நேரம் அதனோடு பேசுங்கள். மற்ற சாதிப் பிள்ளைகளுக்குச் சித்தப்பாவும் மாமாவும் செய்யும் உதவி இது. நம் பிள்ளைகளுக்கு அந்த மாமா நாம்தான். உங்கள் அலுவலகத்தில் நடப்பதைக் கதையாக, கட்டுரையாக எழுதியும் தாருங்கள். நம் இலக்கியத்தில் வயலும் சுரங்கமும் தோல் பதனிடும் தொழிற்சாலையும் இருக்கின்றன. கண்ணாடிக் கட்டடம் இன்னும் போதுமான அளவு வரவில்லை.

தங்கவயல் தொழிலாளி தன் கூலியில் ஒரு பைசாவை இதழுக்கு எடுத்து வைத்தார். நம் வருமானத்திலும் நேரத்திலும் அடுத்த பிள்ளைக்கு என்ன எடுத்து வைக்கிறோம் என்பதே பண்டிதர் நினைவுக்கு நாம் செலுத்தும் மரியாதை.