தட்டில் ஏறாத குரல்கள்



ஏடு எழுதியவர் மறைந்தாலும் ஏடு நிற்கிறது. சிலை வடித்தவர் மறைந்தாலும் சிலை நிற்கிறது. பாடுகிறவரின் நிலை வேறு. கருவியும் கலையும் அவருக்கு ஒன்றே. அது அவருடைய தொண்டை. வயது ஏற ஏறக் கருவி தேய்கிறது. உயிர் பிரியும்போது கலையும் உடன் பிரிகிறது. இந்த இயற்கை நியதிக்கு நம் நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு விலக்கு ஏற்பட்டது. அதுவே இசைத்தட்டு.

இசைத்தட்டில் ஏறிய குரல் பிழைத்தது. ஏறாத குரல் என்ன ஆயிற்று? கம்பெனியின் ஆதரவு இல்லாத முதிய பாடகர் ஒருவரின் எதிர்காலம் யார் கையில் இருக்கிறது? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள். இதற்குச் சான்றாகக் கேரளத்தின் இரண்டு எல்லைப் பகுதிகளைக் கொள்வோம். ஒன்று பாலக்காடு, மற்றொன்று இடுக்கி. இரண்டும் தமிழும் மலையாளமும் கைகோத்து வழங்கும் நிலங்கள். டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுள் பாலக்காட்டையே சொந்த ஊராகச் சொல்லிக்கொள்பவை பல. ஆதலின் இப்பொருள் நேயர்களுக்கு அயலான ஒன்றன்று.

முதலில் இசைத்தட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1902 நவம்பரில் கல்கத்தா நகரில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் பதிவு செய்யப்பட்டது. நம் நாட்டில் பதிவான முதல் இசைத்தட்டுகளுள் அவை அடங்கும். மணிக்கணக்கில் விரித்துப் பாட வேண்டிய ராகத்தை அவர் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் சுருக்கிப் பாடினார். பாட்டின் முடிவில் தம் பெயரையும் தாமே உரக்கச் சொன்னார். தட்டுகள் அச்சானது ஜெர்மனியில்; அங்கிருந்தவர்கள் பாடியவர் இன்னார் என்று அறிந்து பெயர் பொறிப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்பர். இச்செய்தியில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. கலை கருவிக்குத் தக்கபடி குறுகியது என்பது ஒன்று. குரலோடு பெயரும் சேர்ந்து பயணம் செய்தது என்பது மற்றொன்று. இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதனிடம் திரும்ப வருவோம்.

இசைத்தட்டுக் கம்பெனி வணிக நிறுவனமே. தர்ம சத்திரம் அன்று. எனினும் அது பாடகருக்கு நான்கு காரியங்களைச் செய்தது. அவரைத் தேர்ந்தெடுத்தது, ஒரு தொகை கொடுத்தது, பெயரை அச்சிட்டது, அவர் போகாத ஊருக்கெல்லாம் குரலைக் கொண்டு சேர்த்தது. அதே வேளையில் எது விற்கும், எது விற்காது என்னும் கணக்கில், பலரை வாயிலிலேயே நிறுத்தியும் விட்டது.

வாயில் திறந்தது செம்பை வைத்தியநாத பாகவதருக்கு. 1896 ஆம் ஆண்டு பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த அவருடைய வெண்கலக் குரல் இசைத்தட்டுகளின் வாயிலாக 1930களிலேயே தென்னாடு எங்கும் பரவியது. 1951 இல் அவர் சங்கீத கலாநிதி ஆனார். அதன்பின் 1950களின் தொடக்கத்தில் அவருடைய குரல் திடீரென அடங்கிப் போயிற்று. தட்டுகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன; பாடியவருக்கோ பேசவும் இயலவில்லை. சிகிச்சைக்கும் பிரார்த்தனைக்கும் பிறகு குரல் மீண்டது. அதனைக் குருவாயூரப்பன் அருள் என்றே அவர் நம்பினார். தம் வருவாயில் பெரும்பகுதியை அக்கோயிலுக்கே அளித்து வந்தார். 1974 அக்டோபர் 16 இல் மறையும் வரை பாடினார். இன்று குருவாயூரில் ஆண்டுதோறும் அவர் பெயரால் நடைபெறும் சங்கீத உற்சவத்தில் முதிர்ந்த வித்வான்களும் அரங்கேறும் சிறுவர்களும் ஒரே மேடையில் பாடுகின்றனர். ஜேசுதாஸ் முதலிய சீடர்கள் அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றனர். செம்பையைத் தட்டுகள் மட்டும் காக்கவில்லை. கோயிலும் சீடர்களும் சேர்ந்தே காத்தனர் என்பது இதனால் விளங்கும்.

இனி அதே மாவட்டத்தில் பிறந்த மற்றொருவரைக் காண்போம். மஞ்சப்பராவில் 1923 இல் பிறந்த எம். டி. இராமநாதன், பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பௌதிகம் பயின்ற பின் சென்னைக்கு வந்து, கலாக்ஷேத்திரத்தில் டைகர் வரதாச்சாரியாரின் சீடரானார். குருவின் பெயரை நினைந்து ‘வரததாச’ என்னும் முத்திரையோடு முந்நூறுக்கும் மேற்பட்ட உருப்படிகளை இயற்றினார். அவருடைய குரல் மிகத் தாழ்ந்தது; அவருடைய காலப்பிரமாணம் மிகச் சௌக்கியமானது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே அவர் விடும் மௌனமும் சங்கீதமாகவே ஒலிக்கும். இத்தகைய ஒருவரை மூன்று நிமிடத் தட்டில் எவ்வாறு அடைப்பது? விறுவிறுப்பை விரும்பிய சபைக் கூட்டத்திலும் சிலர் அவருக்குச் செவி கொடுக்கவில்லை. 1974 இல் பத்மஸ்ரீ விருது வந்தது. சங்கீத கலாநிதிப் பட்டம் வரவே இல்லை. 1984 ஏப்ரலில் அவர் காலமானபோது வணிக முறையில் வெளிவந்திருந்த அவருடைய பதிவுகள் மிகச் சிலவே.

எனினும் இன்று இராமநாதனுக்கு உள்ள ரசிகர் கூட்டம் அவர் வாழ்ந்த நாளில் இருந்ததைவிடப் பெரிது. இதற்குக் காரணம் யாது? வானொலி நிலையங்களில் அவர் பாடியவை நாடாவில் ஏறியிருந்தன. கச்சேரிகளின்போது ரசிகர்கள் சிலர் தங்கள் செலவில் ஒலிப்பதிவு செய்து, நாள், இடம், பக்கவாத்தியம் முதலியவற்றைக் குறித்து, பேணி வைத்திருந்தனர். அந்த நாடாக்களே கைமாறிக் கைமாறி, இன்று இணையத்தின் வழியே எங்கும் கேட்கின்றன. கம்பெனி ஒதுக்கி வைத்த சௌக்க காலத்தைக் கேட்பவர்களின் அன்பு காப்பாற்றியது. ஆயினும் இதிலே ஒரு வருத்தமும் உண்டு. அந்த அன்பு முழுமையாக வெளிப்பட்டபோது அதன் பயனை நுகர அவர் உயிரோடு இல்லை.

சபையும் சீடர்களும் வானொலியும் வாய்த்த வித்வானுக்கே நிலை இதுவென்றால், இவற்றுள் ஒன்றும் வாய்க்காதவர்களின் நிலை என்ன? இதை அறியப் பாலக்காட்டுச் சமவெளியை விட்டு அதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலைக்கு ஏறுவோம். கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாகச் சென்றால் அட்டப்பாடி. பவானியும் சிறுவாணியும் பாயும் அந்த மலைநாட்டில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இருளர் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவுடையது. செவி கூர்ந்து கேட்டால் நமக்குப் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா இருளர் குலப் பெண்மணி. ஆடு மாடு மேய்த்தும் உழவு செய்தும் வாழ்ந்தவர். பாட்டை எவரிடமும் பாடம் கேட்டவர் அல்லர். முன்னோர் பாடக் கேட்டுப் பாடியவர். உள்ளூர்க் கலைக் குழு ஒன்றில் பாடிவந்த அவரை இயக்குநர் சச்சி 2020 இல் வெளியான ‘அய்யப்பனும் கோஷியும்’ என்னும் மலையாளத் திரைப்படத்திற்காகப் பாட அழைத்தார். சந்தன மரம் பூத்திருப்பதையும் வானூர்தி பறப்பதையும் குழந்தைக்குக் காட்டும் அந்த எளிய பாட்டு நாடெங்கும் பரவியது. பாட்டின் சொற்களும் அவருடையவை என்றே படத்தில் குறிக்கப்பட்டது. அவரை உலகுக்கு அறிமுகம் செய்த சச்சி அவ்வாண்டு ஜூன் மாதமே காலமானார். 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 68 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் சிறப்பு நஞ்சியம்மாவுக்குக் கிட்டியது. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர். சாஸ்திரீய சங்கீதம் பயிலாதவருக்கு இவ்விருது தகுமா என்று சிலர் வினவினர். தகும் என்று சங்கீதம் பயின்றவர்களே பலர் விடை கூறினர். அந்த வாதத்தில் நாம் இறங்க வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

படம் ஓடி முடிந்துவிடும். விருது சுவரில் தொங்கும். அதோடு வந்த ஐம்பதினாயிரம் ரூபாய் ஒரு குடும்பத்துக்கு எத்தனை காலம் போதும்? ஒரு பாட்டுக்குப் பின்னே இன்னும் எத்தனையோ பாட்டுகள் ஒரு முதியவரின் நெஞ்சில் இருக்குமே, அவற்றைப் பதிவு செய்பவர் யார்? பதிவு செய்தால் உரிமை யாருக்கு? இக்கேள்விகள் நஞ்சியம்மா ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. புகழே எய்தாத நூற்றுக்கணக்கான மலைப் பாடகர்களுக்கும் உரியவை.

தெற்கே இடுக்கி மாவட்டத்தைப் பாருங்கள். கட்டப்பனைக்கு அருகில் கோழிமலையை மன்னர் இருப்பிடமாகக் கொண்ட மன்னான் என்னும் பழங்குடியினர், தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று கூறிக்கொள்கின்றனர். அவர்களுடைய கூத்தில் பாடப்பெறுவது கோவலன் கண்ணகி கதை. சேர நாட்டு இளங்கோவடிகள் செய்யுளாக்கிய கதையை அச்சு நூலின் துணையின்றி மலைவாழ் மக்கள் வாய்மொழியாகவே காத்து வருவது எத்தனை பெரிய செய்தி! மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய இடங்களின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் தமிழ்ப் பெண்களிடம் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவற்றை எந்தக் கம்பெனியும் நாடி வந்ததில்லை. பாடும் கிழவியர் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர்.

இன்று கம்பெனி எதற்கு, கைபேசி ஒன்றே போதுமே என்று சிலர் கூறக்கூடும். பதிவு செய்வது எளிதாகிவிட்டது உண்மையே. ஆனால் பழைய கம்பெனி செய்த நான்கு காரியங்களுள் பதிவும் பரப்புதலும் மட்டுமே எளிதாயின. பணமும் பெயரும் எளிதாகவில்லை. சுற்றுலா வந்தவர் ஒருவர் ஒரு பாட்டியின் பாட்டைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறார். இலட்சம் பேர் கேட்கின்றனர். பாடியவரின் பெயர் அங்கே இல்லை; ‘ஒரு மலைவாசிப் பெண்’ என்று மட்டும் இருக்கிறது. மற்றொருவர் அந்த மெட்டை எடுத்துத் தம் பெயரில் வெளியிடுகிறார். வழிவழி வந்த நாட்டுப் பாடலுக்கு இன்ன ஆசிரியர் என்று சுட்ட இயலாமையால் தடை சொல்வாரும் இல்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கௌஹர் ஜானுக்குக் கிடைத்த அந்தப் பெயர்ச் சீட்டு இன்றைய மலைப் பாடகிக்குக் கிடைப்பதில்லை.

இந்நிலையில் சட்டம் என்ன சொல்கிறது? சட்ட வாசகங்களைத் தமிழாக்கும் பணியில் பழகிய நமக்கு, 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பகுதி மிகவும் மகிழ்ச்சி தருவதாகும். நிகழ்த்துநர் என்போர் யார் என்று அது வரையறுக்கும்போது பாடகர், வாத்தியக்காரர், நடனமாடுபவர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும் ஒரே வரிசையில் அமர்த்துகிறது. பட்டமும் சபையும் அங்கே கேட்கப்படவில்லை. நிகழ்த்துநரின் உரிமை ஐம்பது ஆண்டுகள் நிற்கும். 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் இரண்டைச் சேர்த்தது. தம் நிகழ்ச்சியோடு தம் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை ஒன்று. அது வணிகத்தில் பயன்படும்போது உரிமைத் தொகை பெறும் உரிமை மற்றொன்று. இத்தொகையைத் திரட்டித் தருவதற்கெனப் பாடகர்களின் சங்கம் ஒன்றும் 2013 இல் பதிவு பெற்றது.

சட்டம் நல்லதே. ஆனால் அது தானாக மலையேறிச் செல்லாது. சங்கத்தில் சேர விண்ணப்பம் வேண்டும். வங்கிக் கணக்கு வேண்டும். எந்தப் பாட்டை எப்போது பாடினோம் என்னும் பதிவு வேண்டும். கம்பெனி இருந்தால் அதன் எழுத்தர் இவற்றைச் செய்வார். கம்பெனி இல்லாத பாடகருக்கு அந்த எழுத்தர் வேலையைச் செய்ய யாரேனும் வேண்டும். கல்வி கற்றவர்கள் இவ்விடத்தில்தான் பயன்பட முடியும்.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. விடுமுறையில் ஊர் செல்லும்போது முதியவர் பாடக் கேட்டால், முதலில் இசைவு கேட்டுப் பின்னரே பதிவு செய்வோம். பதிவின் தொடக்கத்திலேயே பாடுகிறவர் தம் பெயரையும் ஊரையும், பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் தம் வாயாலேயே சொல்லும்படி செய்வோம். பதிவின் படி ஒன்றை அவர் வீட்டாரிடம் ஒப்படைப்போம். அதனால் வருவாய் வருமாயின் முதற்பங்கு அவருடையது என்று கொள்வோம். 1982 இல் நிறுவப்பட்டு இப்போது குருகிராமத்தில் இயங்கும் இன இசை ஆவணக் காப்பகம் போன்ற நிலையங்கள் டெல்லி நேயர்களுக்கு அருகிலேயே உள்ளன. பதிவுகளைப் பேணும் முறையை அங்கே அறியலாம். தமிழ்ச் சங்கங்களும் சபைகளும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு மலைப் பாடகரை அழைத்து, வித்வானுக்குரிய மரியாதையோடும் சன்மானத்தோடும் பாடவைக்கலாம். சால்வை போர்த்தி அனுப்பினால் மட்டும் போதாது. வழிச்செலவும் ஊதியமும் முறையாகத் தர வேண்டும்.

இராமநாதனின் நாடாக்களைக் காத்தவர்கள் செல்வந்தர்கள் என்றோ, நிபுணர்கள் என்றோ கருத வேண்டுவதில்லை. கேட்கத் தெரிந்தவர்கள், கேட்டதன் பெயரையும் நாளையும் குறித்து வைக்கத் தெரிந்தவர்கள். அவ்வளவே. அவர்கள் செய்த தொண்டு பாடகரின் காலத்துக்குப் பின்னர்ப் பயன் தந்தது. அதே தொண்டைப் பாடுகிறவர் உயிரோடிருக்கும்போதே, அவர் கையில் நாலு காசு சேரும்படி செய்ய நமக்கு இன்று வசதி இருக்கிறது. அட்டப்பாடியிலும் தேவிகுளத்திலும் பாடும் முதியோர்க்கு நாளை என்று ஒன்று உண்டா என்பது, நாம் இன்று அவர்கள் பெயரை எழுதி வைக்கிறோமா என்பதைப் பொறுத்தது.