துக்க வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி



நம் நாட்டில் துக்க வீட்டிற்குப் போகிறவர்கள் கருமாதி என்றைக்கு, தானத்திற்குப் பசுவா பணமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். கடைசி நாட்களில் அவருக்கு வலி இருந்ததா, அதற்கு மருந்து கிடைத்ததா, டாக்டர் உங்களிடம் உண்மையைச் சொன்னாரா என்று மாத்திரம் யாரும் கேட்பதில்லை. "எல்லாம் தலைவிதி" என்று வாயை அடைத்து விடுகிறார்கள்.

இங்கிலாந்தில் இக்கேள்விகளைச் சர்க்காரே கேட்டது. 2011 முதல் 2015 வரை, சாவைப் பதிவு செய்த உறவினர்களில் பல்லாயிரம் பேருக்குச் சில மாதங்கள் கழித்துக் கேள்வித்தாள் அனுப்பப்பட்டு, வருஷத்திற்கு 20,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். 2015-இல் நான்கில் மூன்று பங்குப் பேர் கவனிப்பு நன்றாயிருந்தது என்றார்கள். பத்தில் ஒருவர் மோசம் என்றார். வலி நன்றாக அடங்கியது ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்கால நோயாளர் விடுதிகளில் என்பதும், மிகக் குறைவாக அடங்கியது சொந்த வீட்டில் என்பதும் வெளிப்பட்டது. தலைவிதியால் வரும் வலியானால் இடத்திற்கு இடம் மாறுவானேன்?

துக்கப்படுகிறவரைக் கேள்வி கேட்டு நோகச் செய்யலாமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. இத்தகைய ஆராய்ச்சிகளில் கலந்து கொண்டவர்கள் அழுதிருக்கிறார்கள். இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாமோ என்ற மனக்குத்தலும் சிலருக்குத் திரும்ப வந்திருக்கிறது. ஆயினும் பெரும்பாலோர் பேசியதற்காக வருத்தப்படவில்லை. கேட்க ஒருவர் வந்ததே ஆறுதல் என்கிறார்கள். நாங்கள் பட்ட கஷ்டம் இன்னொரு வீட்டிற்கு வரக்கூடாது என்பதற்காகவே பேசினோம் என்கிறார்கள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவும், பாதியில் நிறுத்தவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். பேசிய பின் துணையும் வேண்டும். இவையில்லாத ஆராய்ச்சி, துக்க வீட்டில் வாங்கும் கட்டாயத் தட்சணைக்குச் சமமேயாகும்.

கேட்டதனால் பலன் என்ன என்பீர்கள். சாகுந்தறுவாயிலுள்ளவர்களைக் கவனிக்க அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் "லிவர்பூல் வழிமுறை" என்று ஒன்று வழங்கிற்று. நல்ல எண்ணத்தோடு ஏற்பட்டதுதான். ஆனால் எங்களுக்குச் சொல்லாமலே அதில் சேர்த்தார்கள், தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று உறவினர்கள் பலர் முறையிட்டார்கள். 2013-இல் இதை விசாரித்த குழுவின் தலைவர் ஜூலியா நியூபெர்கர் அம்மையார் ஒரு யூத மதகுரு. அவரும் வேதத்தைப் புரட்டித் தீர்ப்புச் சொல்லவில்லை. உறவினர்களைக் கேட்டே சொன்னார். 2014-இல் அம்முறை கைவிடப்பட்டது.

தோழர்களே! நாம் வைக்கும் பிண்டம் செத்தவருக்குப் போய்ச் சேராது. அவர் பட்ட வலியைப் பற்றி நாம் சொல்லும் உண்மையோ இனிச் சாகப்போகிறவருக்குப் பயன்படும். ஆகவே, அடுத்த முறை துக்கம் விசாரிக்கப் போகும்போது, அவர்கள் பேச விரும்பினால், கருமாதித் தேதியை விட்டு இதைக் கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.