விழித்திரையின் பிறப்பு



கண்ணின் உட்புறத்தே ஒளியை ஏற்கும் மெல்லிய படலத்தை விழித்திரை என்கிறோம். அழகிய சொல், வகுப்பறையில் நிலைபெற்றுவிட்ட சொல். ஆயினும், திரை என்றதும் மாணவர் மனத்தில் எழுவது படம் விழும் வெண்துணி. அத்துணி தன்மேல் விழுவதை அறியாது. விழித்திரையோ, தன்மேல் படும் ஒளியை ஆராய்ந்து, தேர்ந்து, மூளைக்கு அனுப்புகிறது. இவ்வாற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது? விடை, கருவின் முதல் மாதத்தில் இருக்கிறது.

மூன்றாம் வாரத்தில் மனிதக் கரு, மூன்று படலங்கள் அடுக்கிய சிறு தட்டு. அதன் வெளிப்படலத்தின் நடுப்பகுதி தடிக்கிறது. ஓரங்கள் இரண்டும் உயர்ந்து மடிந்து, ஒன்றையொன்று தொட்டு இணைந்து நரம்புக் குழலாகின்றன. ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் அக்குழலின் இரு முனைகளும் மூடிக்கொள்கின்றன. மேற்பகுதி மூளையாகவும் கீழ்ப்பகுதி தண்டுவடமாகவும் வளர்கின்றன.

குழல் முழுதும் மூடுமுன்பே, ஏறத்தாழ 22ஆம் நாளில், முன்மூளையாகப் போகும் பகுதியின் இருபுறமும் இரு பள்ளங்கள் தோன்றுகின்றன. அவை வெளிநோக்கிப் புடைத்துப் பைகளாகின்றன. பின்னர் ஒவ்வொரு பையும் உள்மடிந்து இரட்டைச் சுவர்க் கிண்ணமாகிறது. காற்றிறங்கிய பந்தைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டுங்கள். மாணவர் உடனே புரிந்துகொள்வர். அக்கிண்ணமே விழித்திரை. அதன் காம்பு வழியே மூளைக்குச் செல்லும் இழைகளே பார்வை நரம்பு. ஆகவே, விழித்திரை என்பது வெளியே வந்து உலகைக் காணும் மூளை.

விழிவில்லையின் பிறப்பு வேறு. அது தோலாகப் போகும் வெளிப்படலத்திலிருந்து உருவாகிறது. 1901இல் செருமானிய அறிஞர் ஆன்சு சுபேமான், தவளைக் கருவில் கண்ணின் முதலுருவை அழித்துப் பார்த்தார். அப்பக்கம் வில்லை தோன்றவில்லை. மூளையிலிருந்து வந்த பகுதியே தோலைத் தூண்டுகிறது என அவர் கருதினார். வேறொரு தவளை இனத்தில் அத்தூண்டலின்றியும் வில்லை உருவானதைப் பின்னர் அவரே கண்டார். இயற்கை ஒரே விடையை எல்லா உயிர்க்கும் தருவதில்லை.

இவ்வறிவால் பயன் என்ன? மண்டையினுள் அழுத்தம் மிகும்போது பார்வை நரம்பின் முனை வீங்குவதை, மருத்துவர் கண்ணுக்குள் நோக்கியே அறிகிறார். அறுபட்ட பார்வை நரம்பு, கைகால் நரம்பைப் போல் மீண்டும் வளராததும், அது மூளையைச் சார்ந்தது என்பதால்தான்.

இன்னொன்றையும் மாணவியரும் மாணவரும் அறிய வேண்டும். நரம்புக் குழல் சரிவர மூடாவிடின் குழந்தை முதுகுத்தண்டுப் பிளவு போன்ற குறைகளுடன் பிறக்கலாம். 1991இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் ஆய்வில், முன்பு இத்தகைய குழந்தையைக் கருவுற்றிருந்த தாய்மார் ஃபோலிக் அமிலம் உட்கொண்டபோது, அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. ஆனால், கருவுற்றிருப்பதைப் பலர் உணர்வதற்குள் அந்த 28 நாள் கடந்துவிடுகிறது. எனவேதான், கருத்தரிக்குமுன்பே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளத் தொடங்குமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர்.

விழித்திரை என்னும் சொல்லை மாற்ற வேண்டும் என நான் வேண்டவில்லை. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது, அதன் பிறப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். கலைச்சொல் மனத்தில் வேரூன்றுவது அப்போதுதான்.