சுதந்திர மண்டபமும் நம்ம பிரஜாவுரிமையும்
(சுதந்திர தினத்தை முன்னிட்டுத் தோட்டப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

மழைக்குள்ளேயும் வந்திருக்கிறீர்கள், நன்றி.

கொழும்பிலே சுதந்திர சதுக்கத்து மண்டபத்தை டீவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் சுவர் கிடையாது, கதவும் கிடையாது. வரிசையாகத் தூண்கள்தான். சுற்றிலும் கல் சிங்கங்கள். முன்னாலே முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா சிலையாக நிற்கிறார். முன்பு அந்த இடத்துக்கு டொரிங்டன் சதுக்கம் என்று பெயர். 1948 பெப்ரவரி 4ஆம் தேதி நாடு சுதந்திரம் அடைந்தது. 10ஆம் தேதி இங்கிலாந்து ராஜாவின் தம்பி குளொஸ்டர் கோமகன் வந்து பாராளுமன்றத்தை அங்கேதான் திறந்து வைத்தார். அதன் ஞாபகமாகப் பிறகு கட்டியதுதான் இந்த மண்டபம்.

அதன் சாயல் எங்கேயிருந்து வந்தது தெரியுமா? நம்ம கண்டியிலிருந்துதான். தலதா மாளிகைக்குப் பக்கத்திலே மகுல் மடுவ என்று ராஜசபை மண்டபம் இருக்கிறது. அங்கே மரத்தூண், சித்திர வேலை. 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டிப் பிரதானிகள் நாட்டை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுத்தது அந்த மண்டபத்தில்தான். கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம். அவரைப் பிடித்து வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்சியைப் பறிகொடுத்த மண்டபத்தின் சாயலிலேயே, அது திரும்பக் கிடைத்ததற்கும் மண்டபம் கட்டியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான் என்று எனக்குப் படுகிறது.

இதிலே நமக்கு என்ன என்று கேட்பீர்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதானே இந்த மலைக்காடு கோப்பித் தோட்டமானது, நம்ம பாட்டன் பூட்டன் கங்காணி பின்னாலே நடந்து வந்தது. 2023இலே அந்த 200 வருசத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஆட்கள் நடந்து வந்தார்களே, அதே பாதைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. 1947 தேர்தலில் நம்ம ஆட்களும் வோட்டுப் போட்டார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது. நுவரெலியாவுக்கு எஸ். தொண்டமான். மறு வருசம் சுதந்திரம். அதே 1948இலே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அப்பன் இந்த நாட்டில் பிறந்தவர் என்று காட்டு, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றார்கள். லயத்துக் காம்பிராவில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்திலே யார் பதிவு வைத்தது? 1949இலே வோட்டும் போய்விட்டது. கதவில்லாத மண்டபம் கட்டின காலத்திலேயே நமக்கு வாசலை அடைத்தார்கள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மிச்சம் 1,50,000 பேரை 1974இலே பாதி பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. கோச்சி ஏற்றிவிட்டு அழுத கதை இங்கே எத்தனை வீட்டிலே இருக்கிறது! 1977இலேதான் தொண்டமான் தேர்தலில் திரும்ப ஜெயித்தார், முப்பது வருசம் கழித்து. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடுதான் நாடற்றவர் என்ற பேர் தீர்ந்தது.

2016 சுதந்திர தின விழாவிலே தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். வயசான சிலர் கண் கலங்கியதை நானே பார்த்தேன்.

பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப் போனால் அந்த மண்டபத்தைக் காட்டுங்கள். கீழே மியூசியமும் உண்டு. கொழும்பு தூரம் என்றால் கண்டிக்குப் போகிற நாளிலே மகுல் மடுவவைப் பாருங்கள்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலே பேர் பிழையாக விழுந்தவர்கள், பத்திரமே இல்லாதவர்கள் இப்போதே என்னிடம் பேர் கொடுங்கள். ஐ.சி. எடுக்காத பிள்ளைகளின் பேரும் வேண்டும். கொப்பி கொண்டு வந்திருக்கிறேன்.